ஓராண்டு அண்டர்கிரவுண்ட் இசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடந்த ஓராண்டாக, வானொலிக்கும் பெரிய கடைகளுக்கும் வராமல் கைமாறியே பரவிய இசையைக் கேட்டு, அதைப் பற்றித் தமிழில் கட்டுரைகள் எழுதிவந்தேன். படித்தவர்கள் நேரிலும் கடிதத்திலும் பல கேள்விகள் கேட்டார்கள். திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சில விடைகள் நீளமானவை. அங்கே சொல்ல அவ்வளவு இருக்கிறது.

ஓராண்டு முழுக்க எதையெல்லாம் கேட்டீர்கள்?

குழுக்களைத் தேடிப் போகாமல் ஊர்களைத் தேடிப் போனேன். லெனின்கிராடு, பிராக், வாஷிங்டன், ஓஸ்லோ, ஒலிம்பியா, டோக்கியோ, சிங்கப்பூர். ஒரு குழுவின் ஆல்பத்தை மட்டும் கேட்டால் பாட்டு தெரியும். அந்தப் பாட்டைப் பதிவு செய்தவர் யார், இடம் கொடுத்தவர் யார், பிரதி எடுத்தவர் யார் என்பதெல்லாம் ஊரைப் படித்தால்தான் தெரியும்.

ஆண்டு முடிவில் சிறந்த பத்து ஆல்பங்களை வரிசைப்படுத்தச் சொல்லிப் பலர் கேட்டார்கள். அதைச் செய்யப்போவதில்லை. மருத்துவமனை எக்ஸ்ரே படலத்தில் கீறிப் பதிந்த மூன்று நிமிடப் பாட்டையும், நல்ல ஒலிப்பதிவுக் கூடத்தில் வாரக்கணக்கில் செய்த ஆல்பத்தையும் ஒரே வரிசையில் நிறுத்துவது இரண்டுக்கும் அநியாயம்.

எந்த இசையை அண்டர்கிரவுண்ட் என்று சொல்கிறீர்கள்?

அரசு தடுத்ததாலோ, வணிகம் ஒதுக்கியதாலோ, இசைத்தவர்களே விலகி நின்றதாலோ வழக்கமான வழியில் வெளிவராத இசையை. அதில் பங்க், மெட்டல் போன்ற முரட்டு ராக் வகைகள் உண்டு, ஒற்றை கிட்டாரோடு ஒருவர் பாடியதும் உண்டு. பாணியை வைத்து இதை அடையாளம் காண முடியாது. கேட்பவரிடம் அது எப்படி வந்து சேர்ந்தது என்று விசாரித்தால் தெரிந்துவிடும். இடையில் யாரோ ஒருவர் கூலியில்லாமல் உழைத்திருப்பார். பிரதி எடுத்திருப்பார், உறை ஒட்டியிருப்பார், தன் வீட்டுக் கூடத்தை ஒழித்துக் கொடுத்திருப்பார். பெரும்பாலும் அவர் ஒரு ரசிகர்தான். ஆண்டு முழுவதும் வெவ்வேறு ஊர்களை வைத்து நான் சொல்லிவந்தது இந்த ஒன்றைத்தான்: இந்த இசையில் கேட்பவரும் வேலையாள். அவர் கை படாமல் பாட்டு அடுத்தவரிடம் போகாது.

எக்ஸ்ரே படலத்தில் பாட்டைப் பதிந்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அது உண்மையா? எப்படிச் செய்தார்கள்?

உண்மை. அதிகம் பேர் கேட்ட கேள்வியும் இதுதான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பின் லெனின்கிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) இது தொடங்கியது. அமெரிக்க ஜாஸ், பூகி வூகி, புலம்பெயர்ந்த ரஷ்யப் பாடகர்களின் பாடல்கள் ஆகியவை அரசுக் கடைகளில் கிடைக்கவில்லை. அந்தப் பாடகர்களில் பியோத்ர் லெஷ்சென்கோவின் டாங்கோக்களுக்கு ஏங்கியவர்கள் ஏராளம். இசைத்தட்டு அச்சிடும் ஆலைகள் அரசின் கையில் இருந்தன. ஆனால் ஒலியை ஊசியால் நேரடியாகத் தட்டில் கீறும் சிறு இயந்திரம் ஒன்று இருந்தால், ஆலை இல்லாமலே ஒவ்வொரு தட்டாகச் செய்துவிடலாம். ருஸ்லான் பொகஸ்லோவ்ஸ்கி என்ற இளைஞர் அப்படி ஓர் இயந்திரத்தைப் பார்த்து, அதுபோலவே தாமே ஒன்றைச் செய்துகொண்டார்.

கீறுவதற்கு வெறுந்தட்டு வேண்டுமே? மருத்துவமனைகள் கழித்துக்கட்டிய எக்ஸ்ரே படலங்கள் அதற்கு உதவின. கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டினார்கள். நடுத்துளையைச் சிகரெட் நெருப்பால் போட்டார்கள். ஒரு பக்கம் மட்டும், நிமிடத்துக்கு 78 சுற்று வேகத்தில், ஒரே ஒரு பாட்டு. விளக்குக்கு நேராகப் பிடித்தால் யாரோ ஒருவரின் விலா எலும்பு தெரியும். வாங்கியவர்கள் அவற்றை எலும்புகள் என்றும் விலாக்கள் என்றுமே அழைத்தார்கள். விற்பவர் மேலங்கியின் கைக்குள் சுருட்டி வைத்திருப்பார். சில தடவை ஓட்டினாலே பள்ளங்கள் தேய்ந்து பாட்டு மங்கிவிடும்.

பொகஸ்லோவ்ஸ்கியும் அவருடைய நண்பர் போரிஸ் தைகினும் தங்கள் முயற்சிக்குத் 'தங்க நாய்' என்று பெயர் வைத்தார்கள். 1950-இல் கைதானார்கள். 1953-இல் ஸ்டாலின் இறந்த பிறகு வெளியே வந்ததும் மீண்டும் அதே வேலையைத் தொடங்கினார்கள். எனக்கு இந்த வரலாற்றில் மிகப் பெரிய விஷயம் இந்த இரண்டாம் தொடக்கம்தான். முதல் முறை ஆர்வத்தில் செய்திருக்கலாம். சிறையில் இருந்து வந்தபின் செய்வதற்கு வேறு உறுதி வேண்டும்.

அந்தத் தட்டுகளின் ஒலி இன்று கணினி வழியாகக் கேட்கக் கிடைக்கிறது. கரகரப்புக்கு அடியில் எங்கோ தூரத்தில் இருந்து பாட்டு வரும். ஒலியைச் சுத்தம் செய்து வெளியிட்டிருக்கலாமே என்று ஒரு வாசகர் கேட்டார். கூடாது என்பேன். அந்தக் கரகரப்பைத்தான் அன்றைய மக்கள் காசு கொடுத்து வாங்கினார்கள்.

அதன் பிறகு ரஷ்யாவில் என்ன ஆனது?

1960-களில் ரீல் டேப் ரெக்கார்டர்கள் வீடுகளுக்கு வந்தன. எலும்புத் தட்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று. நடிகரும் பாடகருமான விளாதிமீர் விசோத்ஸ்கி நண்பர்கள் வீட்டில் பாடுவார், யாரோ ஒருவர் பதிவு செய்வார், அதில் இருந்து பிரதி, பிரதியில் இருந்து பிரதி. அரசு நிறுவனம் அவருடைய பாடல்களில் மிகச் சிலவற்றையே தட்டாக வெளியிட்டது. ஆனால் அந்தப் பெரிய நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் அவர் குரல் தெரிந்திருந்தது. 1980 ஜூலையில், மாஸ்கோ ஒலிம்பிக்ஸ் நடந்துகொண்டிருந்தபோது அவர் இறந்தார். செய்தி ஏறத்தாழ வாய்வழியாகவே பரவி, அவர் நடித்துவந்த தகான்கா நாடக அரங்கின் முன் பெருங்கூட்டம் திரண்டது.

லெனின்கிராடில் 1981-இல் ருபின்ஸ்டீன் தெரு 13-ஆம் எண் கட்டடத்தில் ராக் மன்றம் ஒன்று திறக்கப்பட்டது. பாடல் வரிகளை முன்கூட்டியே காட்டி அனுமதி பெற்றுத்தான் மேடை ஏற வேண்டும். ஒலிப்பதிவு மட்டும் வேறு இடத்தில் நடந்தது. சிறுவர்களுக்குத் தொழில்நுட்பம் கற்றுக்கொடுக்கும் மையம் ஒன்றில் வேலை பார்த்த அந்திரேய் திரோபில்லோ, அங்கேயே ஒரு பதிவுக்கூடம் அமைத்தார். 'அக்வாரியம்', 'கினோ' குழுக்களின் தொடக்ககால ஆல்பங்கள் அங்கே உருவாகி, டேப்பில் பிரதியாகிப் பரவின. கினோவின் விக்தர் த்சோய் ஒரு கொதிகலன் அறையில் நிலக்கரி அள்ளிப்போடும் வேலையில் இருந்தார். 'கம்சாத்கா' என்ற அந்த அறை இன்று அவர் நினைவிடம். 1986-இல் ஜோவன்னா ஸ்டிங்ரே என்ற அமெரிக்கப் பெண் நான்கு லெனின்கிராடு குழுக்களின் பதிவுகளைக் கடத்திச் சென்று, இரட்டை இசைத்தட்டாக அமெரிக்காவில் வெளியிட்டார்.

பிராக் நகரத்துக் குழுவுக்கு ஏன் இத்தனை பக்கங்கள்?

'தி பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் தி யுனிவர்ஸ்' குழுவைப் பற்றியது இது. 1968 ஆகஸ்டில் சோவியத் தலைமையிலான படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் புகுந்தன. அதே ஆண்டு மிலான் ஹ்லாவ்சா என்ற பேஸ் கிட்டார் கலைஞர் இந்தக் குழுவைத் தொடங்கினார். 1970-இல் தொழில்முறை இசைஞர்களுக்கான உரிமத்தை இந்தக் குழுவிடம் இருந்து அரசு பறித்தது. அதனோடு அரசு தந்திருந்த கருவிகளும் போயின. அதன்பின் திருமண விருந்து என்றும் நண்பர்கள் சந்திப்பு என்றும் சொல்லிக் கிராமப்புறங்களில் வாசித்தார்கள். இடம் கடைசி நேரத்தில்தான் தெரியவரும். ரயில் நிலையத்தில் இறங்கி, காட்டுப் பாதையில் நடந்து போய்க் கேட்டுவிட்டு வந்தார்கள் மக்கள். 1974 மார்ச்சில் செஸ்கே புத்யேயோவிட்ஸே நகருக்கு அருகே அப்படிக் கூடிய நூற்றுக்கணக்கான ரசிகர்களைக் காவல்துறை அடித்து விரட்டியது.

குழுவின் வழிகாட்டி இவான் மார்ட்டின் யிரோஸ் ஒரு கலை விமர்சகர். அவர் 1975-இல் எழுதிச் சுற்றுக்கு விட்ட அறிக்கையில் ஒரு கருத்தை முன்வைத்தார்: ஆளும் பண்பாட்டை உடைப்பது நம் நோக்கம் அன்று, அதன் அங்கீகாரமோ மேடையோ பட்டமோ தேவைப்படாத இரண்டாவது பண்பாடு ஒன்றை நாமே வளர்த்துக்கொள்வோம். ஓராண்டில் நான் படித்தவற்றுள் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்தக் கருத்துதான்.

1976 பிப்ரவரியில் யிரோஸின் திருமணத்தையே ஓர் இசை விழாவாக நடத்தினார்கள். மார்ச்சில் கைதுகள். செப்டம்பரில் வழக்கு. யிரோஸுக்குப் பதினெட்டு மாதச் சிறை, இன்னோர் இசைஞரான பாவெல் ஸாயீச்செக்குப் பன்னிரண்டு மாதம், சாக்ஸபோன் வாசித்த விரதிஸ்லாவ் பிரபேனெட்ஸ், பாடகர் ஸ்வடோப்லுக் கராசெக் ஆகிய இருவருக்கும் எட்டு மாதம். குற்றம், பொது ஒழுங்கைக் குலைத்தது. வழக்கைக் கவனிக்க நீதிமன்றத்துக்குப் போனவர்களில் நாடகாசிரியர் வாட்ஸ்லாவ் ஹவெலும் ஒருவர். நீண்ட முடி வைத்த இளைஞர்களைத் தமக்கு வேண்டாதவர்களாக நினைத்திருந்த அறிஞர்களும் பழைய அரசியல்வாதிகளும், இன்று அவர்களைக் கைவிட்டால் நாளை நம்மைக் காக்க ஆளிருக்காது என்று உணர்ந்தார்கள். 1977 ஜனவரியில், மனித உரிமைகளைக் கேட்கும் 'சாசனம் 77' என்ற அறிக்கை வெளிவந்தது. 1989 இறுதியில் ஹவெல் குடியரசுத் தலைவரானார்.

ஒரு ராக் குழு அரசைக் கவிழ்த்தது என்று சிலர் எழுதுகிறார்கள். அது மிகை. அந்தக் குழுவே அப்படிச் சொல்லவில்லை. தங்களுக்குப் பிடித்ததை வாசிக்க அவர்கள் விரும்பினார்கள், அவ்வளவுதான். அதைக்கூட அனுமதிக்க முடியாத ஆட்சி என்பதுதான் ஊருக்கு வெளிச்சமானது.

சிறைக்குப் போனார்கள் என்பதற்காகத்தானே அந்த இசையைப் புகழ்கிறீர்கள்?

கேட்க வேண்டிய கேள்விதான். துன்பக் கதை இசையின் மீது பூச்சாகப் படிந்துவிடும், பின்பு காது சரியாக வேலை செய்யாது. அதனால் ஆண்டு முழுவதும் ஒரு வழக்கத்தை விடாமல் வைத்திருந்தேன். எதையும் படிக்காமல் முதலில் கேட்பது, கேட்டதைக் குறித்துக்கொள்வது, அதன்பிறகே வரலாற்றைத் தேடுவது.

பிளாஸ்டிக் பீப்பிளின் முதல் ஆல்பம் 1974, 75-இல் பதிவாகி, நாட்டுக்கு வெளியே கடத்தப்பட்டு, 1978-இல் பிரான்சில் வெளிவந்தது. எதுவுமே தெரியாமல் கேட்டபோது நான் எழுதிவைத்தவை: பேஸ் கிட்டார் ஒரே சொற்றொடரை விடாமல் சுற்றுகிறது. வயலின் இழுவை அதன்மேல் உரசுகிறது. சாக்ஸபோன் பாடவில்லை, அலறுகிறது. குரல் செய்யுளை ஒப்பிப்பதுபோல் தட்டையாக வருகிறது. நடுவே திடீரென ஒரு சிரிப்பு. இது சிறையைப் பற்றி ஒன்றும் அறியாத காது சொன்னது. அந்த அழுத்தமும் அந்த விளையாட்டும் இசையிலேயே இருக்கின்றன.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். தடையும் சிறையும் கண்ட குழுக்கள் எல்லாமே நல்ல இசை தந்துவிடவில்லை. சிலவற்றின் வரலாறு மரியாதைக்குரியது, பாடல்கள் சலிப்பூட்டுபவை. அவற்றைப் பற்றி எழுதியபோது இரண்டையுமே எழுதினேன்.

தடை ஏதும் இல்லாத அமெரிக்காவில் அண்டர்கிரவுண்ட் எதற்கு?

அங்கே தடுத்தது காவல்துறை அன்று, பணம். வாஷிங்டனில் 1980-இல் 'டீன் ஐடில்ஸ்' என்ற பள்ளி வயதுக் குழு கலைந்தது. கச்சேரிகளில் சேர்த்த பணம் சில நூறு டாலர் கையில் இருந்தது. அதைப் பங்கு போடாமல் ஒரு சிறு இசைத்தட்டு வெளியிட்டார்கள். அதற்காக இயன் மக்காயும் ஜெஃப் நெல்சனும் தொடங்கியதுதான் 'டிஸ்கார்ட்' நிறுவனம். உறை எப்படிச் செய்வது என்று தெரியாததால் ஒரு பழைய உறையைப் பிரித்து, அதன் வடிவத்தை வரைந்து, நண்பர்களோடு உட்கார்ந்து வெட்டி மடித்து ஒட்டினார்கள். அந்த நிறுவனம் இன்றும் இருக்கிறது. குழுக்களோடு எழுத்து ஒப்பந்தம் போடாமல் வாய்ச்சொல்லிலேயே நடந்துவந்தது.

மக்காய் பின்னர் இருந்த 'ஃபுகாசி' குழு, நுழைவுக் கட்டணத்தை ஐந்து டாலர் அளவிலேயே வைக்கப் பிடிவாதம் பிடித்தது. எந்த வயதினரும் உள்ளே வரலாம் என்பது இன்னொரு நிபந்தனை. மது விற்கும் இடங்களில் சிறுவர்களை விடமாட்டார்கள் என்பதால் தேவாலயக் கூடங்களிலும் சமூக நலக் கூடங்களிலும் வாசித்தார்கள். கூட்டத்தில் யாராவது அடுத்தவரை இடித்துத் தள்ளினால் பாட்டை நிறுத்தி, அவரை அழைத்து, காசைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். தங்கள் கச்சேரிகளை விடாமல் பதிவும் செய்துவைத்தார்கள். 2011 முதல் எண்ணூறுக்கும் மேற்பட்ட அந்தப் பதிவுகளை வெளியிட்டுவருகிறார்கள். விலை ஐந்து டாலர் என்று குறித்திருந்தாலும், கேட்பவர் தம்மால் முடிந்ததைக் கொடுக்கலாம்.

நான் அவற்றில் ஒரு பகுதியைத்தான் கேட்டேன். பாட்டு அதே பாட்டுதான். கூடம் மாறுகிறது, கூட்டம் மாறுகிறது, டிரம்ஸ் ஒவ்வோர் இரவும் வேறோர் இடத்தில் மூச்சு விடுகிறது. ஒரே கீர்த்தனையை வெவ்வேறு சபாக்களில் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த இன்பத்தை விளக்க வேண்டியதில்லை.

கேசட் பரிமாற்றம் என்றால் என்ன?

1980-களில் மெட்டல், பங்க் ரசிகர்கள் உலகெங்கும் அஞ்சல் வழியாகக் கேசட்டுகளை மாற்றிக்கொண்டார்கள். பிரேசிலில் இருப்பவர் உள்ளூர்க் குழுவின் டெமோவை (மாதிரிப் பதிவை) நகலெடுத்து நார்வேக்கு அனுப்புவார், அங்கிருந்து ஒன்று திரும்பி வரும். உறைக்குள் பத்துப் பதினைந்து துண்டுச்சீட்டுகளும் இருக்கும். ஒவ்வொன்றிலும் வேறொரு குழுவின் பெயரும் முகவரியும். படித்துவிட்டு அடுத்த கடிதத்தில் வைத்து அனுப்ப வேண்டும். அஞ்சல் செலவு கட்டுப்படியாகாது. எனவே அஞ்சல்தலையின் மேல் பசையையோ சோப்பையோ தடவி அனுப்புவார்கள். பெறுபவர் முத்திரை மையைத் துடைத்துவிட்டு அதே தலையை மறுபடி ஒட்டுவார். சட்டத்துக்குப் புறம்பானதுதான். அப்படியும் பரவியிருக்கிறது.

பிரதிக்குப் பிரதி இரைச்சல் கூடும், மேல்ஸ்தாயி ஒலிகள் மங்கும். ஐந்தாம் கைப் பிரதியில் டிரம்ஸ் தகரம் தட்டுவதுபோல் கேட்கும். அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் பிற்பாடு அந்த ஒலியையே விரும்பிப் பதிவு செய்தார்கள் என்பது என் எண்ணம். நார்வேயின் பிளாக் மெட்டல் (மெட்டலின் இருண்ட கிளை ஒன்று) ஆல்பங்களில் இருக்கும் மெலிந்த, பனிமூட்டம் போர்த்த ஒலிக்குக் கேசட் பிரதிகளும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

நார்வேயில் கொலையும் தேவாலய எரிப்பும் நடந்தனவே. அந்த இசையைக் கேட்பது சரியா?

பிளாக் மெட்டல் வட்டாரத்தோடு தொடர்புபடுத்தப்படும் நிகழ்வுகள் இவை. 1992 ஜூன் 6 அன்று பெர்கன் அருகே ஃபான்டோஃப்ட் மரத் தேவாலயம் எரிக்கப்பட்டது. தொடர்ந்து வேறு தேவாலயங்களும் எரிந்தன, ஒரு தீயணைப்பு வீரர் உயிரிழந்தார். 1992-இல் ஒரு டிரம்ஸ் கலைஞர் தன்பாலின ஈர்ப்புள்ள ஒருவரைக் குத்திக் கொன்றார். 1993 ஆகஸ்ட் 10 அன்று ஓஸ்லோவில், 'மேஹெம்' குழுவின் கிட்டார் கலைஞரும் 'ஹெல்வெட்டே' என்ற இசைக் கடையின் உரிமையாளருமான ஓய்ஸ்டைன் ஓர்ஷெத்தை வர்க் விகெர்னெஸ் கொன்றார். கொலைக்கும் தேவாலய எரிப்புகளுக்குமாக அவருக்கு 1994-இல் 21 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

இவற்றைச் சாகசமாக எழுதும் வழக்கம் உண்டு. எனக்கு அது அருவருப்பு. இறந்தவர்களுக்குக் குடும்பங்கள் இருந்தன. என் முடிவு இதுதான்: அந்த வட்டாரத்தில் இனவெறியைப் பரப்புபவர்களுக்கு என் காசு போகாது, அவர்களுடைய ஆல்பங்களைப் பரிந்துரைக்கவும் மாட்டேன். வரலாற்றை எழுதும்போது மட்டும் பெயரை மறைப்பதில்லை. அந்த ஊரில் வன்முறைக்குப் போகாத கலைஞர்களும் இருந்தார்கள். 'டார்க்த்ரோன்' குழுவின் ஃபென்ரிஸ் நெடுங்காலம் அஞ்சல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே இசைத்தவர், யாருக்கும் தெரியாத குழுக்களைத் தேடித்தேடிப் பிறருக்குச் சொல்லிக்கொண்டிருப்பவர். பிளாக் மெட்டல் என்றதும் அவரைப் போன்றவர்களும் நினைவுக்கு வர வேண்டும்.

வெறும் சத்தத்தை எப்படி இசை என்கிறீர்கள்?

டோக்கியோவின் மசாமி அகிதா, 'மெர்ஸ்பவ்' என்ற பெயரில் 1979 முதல் இயங்குபவர். அவரைப் பற்றிய கட்டுரைக்குத்தான் கோபக் கடிதங்கள் அதிகம். அவர் இசையில் ராகம் இல்லை, தாளம் பெரும்பாலும் இல்லை. ஒலியின் அடர்த்தியும் மேற்பரப்பும் உண்டு. கவனித்துக் கேட்டால் அருவிக்குள் பல அருவிகள் இருப்பதுபோல் அடுக்குகள் பிரியும், ஒன்று விலகும்போது இன்னொன்று முன்னுக்கு வரும். பிடிக்காமல் போனால் தவறில்லை. ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு ஒரு பகுதியை முழுதாகக் கேட்டபின் முடிவு செய்யுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

செவியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் பாதுகாப்பானது என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 83-இல் 20 மணி, 86-இல் 10 மணி. கச்சேரிக்குப் போனால் செவி அடைப்பானைக் காதில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்தபின் காதில் ரீங்காரம் இருந்தால் அது எச்சரிக்கை. போன செவி திரும்பி வராது.

இதில் பெண்கள் எங்கே?

இருக்கிறார்கள். வரலாற்றை எழுதியவர்கள்தான் ஓரத்தில் வைத்தார்கள். அமெரிக்காவின் ஒலிம்பியா நகரில் 1990-இல் தொடங்கிய 'பிகினி கில்' குழுவின் கேத்லீன் ஹன்னா, பெண்களை மேடைக்கு முன்னால் வரச் சொல்வார். ஆண்கள் பின்னால் போய் நிற்க வேண்டும். முரட்டுக் கூட்டத்தில் இடிபடாமல் பெண்கள் இசை கேட்பதற்கு அதுவே வழியாயிற்று. அவர்கள் நகலெடுத்துப் பரப்பிய சிற்றிதழ்கள் பாட்டுக்குச் சமமான வேலை செய்தன.

லண்டனில் 1977-இல் உருவான 'தி ரெயின்கோட்ஸ்' குழு எனக்கு இந்த ஆண்டின் பெரிய மகிழ்ச்சி. 1979-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் வயலின் கோணலாகப் பாய்கிறது, குரல்கள் ஒன்றோடொன்று மோதி விலகுகின்றன, எந்த நொடியும் எல்லாம் சரிந்துவிடும் போலிருக்கிறது, சரியவில்லை. ஒரு காலத்தில் அந்தத் தட்டு கடைகளில் இல்லாமல் போனது. 1990-களின் தொடக்கத்தில் 'நிர்வாணா'வின் கர்ட் கோபேன் தேய்ந்துபோன தம் பிரதிக்குப் பதில் வேறொன்று வேண்டி லண்டனில் தேடி அலைந்து, பழம்பொருள் கடை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்த குழு உறுப்பினர் அனா த சில்வாவிடமே போய்ச் சேர்ந்தார். அந்தத் தேடலால்தான் ஆல்பங்கள் மறுபடி வெளிவந்தன. ஒரு ரசிகரின் அலைச்சலுக்கு அவ்வளவு பலன்.

மொழி தெரியாமல் ரஷ்ய, செக் பாடல்களை எப்படி ரசிப்பது?

முதலில் குரலைக் கேளுங்கள். பிடித்துப் போனால் மொழிபெயர்ப்பைத் தேடுங்கள். விசோத்ஸ்கிக்கு மட்டும் வரிகளின் பொருள் தெரியாமல் பாதிதான் கிடைக்கும். அவர் அடிப்படையில் கதைசொல்லி.

தமிழர்களுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. சிங்கப்பூரில் 1992-இல் தொடங்கிய 'ருத்ரா' குழு, டெத் மெட்டல் வேகத்தோடு வேதாந்தத்தைப் பாடுகிறது. வடமொழி சுலோகங்கள் கரடுமுரடான குரலில் வருகின்றன. பாடுபவரும் பேஸ் வாசிப்பவரும் கதிர். 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் பிரம்மவித்யா என்ற தலைப்பில் மூன்று ஆல்பங்கள் தந்தார்கள். மெட்டலில் சமயம் என்றாலே கிறித்துவ எதிர்ப்பு என்றிருந்த இடத்தில், தத்துவத்தை எதிர்ப்பாக அல்லாமல் விசாரணையாகக் கொண்டுவந்தது பெரிய காரியம்.

சென்னையில் 2018 ஜனவரியில் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவைப் பற்றியும் பலர் கேட்டார்கள். அது பெருங்கூட்டத்தின் முன் வெளிப்படையாகத் தொடங்கியது, எனவே இந்த வரிசையில் அதைச் சேர்க்கவில்லை. ஆனால் அதற்கு உரமாக இருந்த வடசென்னைக் கானா, சாவு வீடுகளில் இரவெல்லாம் பாடப்பட்டு, வாய்வழியாகவும் கேசட் வழியாகவும் பரவிய இசை. மேற்கத்திய அளவுகோல் எதுவும் இல்லாமல் தனியாக எழுத வேண்டிய வரலாறு அது. அந்தப் பகுதியில் பிறந்து வளர்ந்தவர்கள் எழுத வேண்டும் என்பது என் ஆசை.

இசையைப் பற்றி எப்படி எழுதுகிறீர்கள்? எனக்கும் எழுத ஆசை.

எழுதுங்கள். ஒலியில் இருந்து தொடங்குங்கள். குரல் முன்னால் இருக்கிறதா, கருவிகளுக்குள் புதைந்திருக்கிறதா? டிரம்ஸ் பாட்டை இழுத்துப் போகிறதா, பின்னால் வருகிறதா? பதிவு செய்த அறை பெரியதா சிறியதா? இவற்றை எழுதினால் கேட்காதவருக்கும் ஏதோ ஒன்று கேட்கத் தொடங்கும். மெய்சிலிர்க்கிறது, ஈடிணையற்றது என்றெல்லாம் எழுதினால் உங்களைப் பற்றித்தான் தெரியவரும். 'இந்தக் குழு அந்தக் குழுவைப் போல' என்று எழுதும் வழக்கமும் தமிழில் பயன்படாது, வாசகருக்கு இரண்டு குழுவுமே புதிது.

பதிவு செய்தவர், உறை வரைந்தவர், கூடம் கொடுத்தவர் பெயர்களைத் தேடிச் சேருங்கள். இந்த இசையின் வரலாற்றில் பாதி அவர்களுடையது.

இலவசமாகக் கேட்டால் கலைஞர்களுக்கு ஏதாவது போகுமா?

மிகக் குறைவு. சிறு கலைஞர்களுக்கு ஒன்றுமே போகாமலும் இருக்கலாம். ஸ்பாட்டிஃபை 2024 முதல், முந்தைய பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் முறையாவது ஓடாத பாட்டுக்குப் பணம் கணக்கிடுவதில்லை. நான் எழுதிய குழுக்களில் பலவற்றின் பாடல்கள் அந்த எல்லையைத் தொடாதவை. கலைஞர்களே தங்கள் இசையை விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் நேரடியாக வாங்கினால் டிஜிட்டல் விற்பனையில் தளம் 15 சதவீதம் எடுத்துக்கொள்ளும், பணப்பரிமாற்றச் செலவு போக மிச்சம் கலைஞருக்கு. 2020 மார்ச்சில் தொடங்கிய 'பேண்ட்கேம்ப் வெள்ளிக்கிழமை' நாட்களில் அந்தப் பங்கையும் தளம் விட்டுக்கொடுக்கிறது. வாங்க முடியாதவர்கள் கேளுங்கள், நண்பரிடம் சொல்லுங்கள், இரண்டு வரி எழுதுங்கள். அதுவும் கணக்கில் சேரும்.

புதியவர் எங்கே தொடங்கலாம்?

மென்மையான வாசல் வேண்டும் என்றால் கினோவின் 1982 ஆல்பம். கிட்டார், குரல், எளிய தாளம், அதற்குள் ஓர் இளைஞனின் சோம்பல் மதியங்கள். வேகம் வேண்டும் என்றால் ஃபுகாசியின் நேரடிப் பதிவு ஏதேனும் ஒன்று. பிறகு ரெயின்கோட்ஸ். பிளாஸ்டிக் பீப்பிளை இரவில், விளக்கை அணைக்காமல், வேறு வேலை செய்யாமல் கேளுங்கள். மெர்ஸ்பவ் கடைசியில் போதும்.

வீட்டில் பழைய கேசட்டுகள் இருக்கின்றன. என்ன செய்வது?

தூக்கிப் போடாதீர்கள். உள்ளூர்க் குழு, கோயில் விழாக் கச்சேரி, கானா, நாடகம் என்று எதுவாக இருந்தாலும் உலகில் அது ஒன்றே ஒன்றாக இருக்கக்கூடும். வெயில் ஏறும் பரணிலும், காந்தம் இருக்கும் ஒலிபெருக்கியின் மேலும் வைக்காதீர்கள். செங்குத்தாக அடுக்குங்கள். மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் தாழ்களை உடைத்துவிட்டால் தவறுதலாக அதன்மேல் பதிவாகாது. நாடாவில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டிப் பார்க்காதீர்கள், இயந்திரத்துக்கும் அடுத்த கேசட்டுக்கும் பரவிவிடும். பூஞ்சை இல்லையென்றால், கேட்பதற்கு முன் ஒருமுறை முழுவதும் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். இயந்திரத்தின் தலைப்பகுதியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு, கணினியில் முதலில் சுருக்கப்படாத வேவ் (WAV) கோப்பாகப் பதியுங்கள். எம்பி3 பிறகு செய்துகொள்ளலாம். இரைச்சலை நீக்கும் மென்பொருளை மூலக் கோப்பில் பயன்படுத்த வேண்டாம். ஊர், ஆண்டு, பாடியவர், பிரதி எடுத்தவர் என்று தெரிந்ததை எல்லாம் எழுதுங்கள். அட்டையில் பென்சிலால் ஏதாவது குறித்திருந்தால் அதையும் படம் எடுத்துக் கோப்போடு சேர்த்து வையுங்கள்.